மாட்டுக்கொட்டகையைத் தாண்டிய நகர எல்லை

காலை ஏழு பத்து. காஜா பெராங்கில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது ஒரு சிவப்பு முளை. மலாக்கா நகரத்தின் புதிய எல்லையைக் குறிக்க, அளவைக்காரர் ஒருவர் அதைத் தென்னைகளுக்கு நடுவே அடித்துக்கொண்டிருக்கிறார். முளைக்கு நகரப் பக்கமாக ஒரு மாட்டுக்கொட்டகை. கூரை வேய்ந்த அத்தாப்பு ஓலையில் பச்சை இன்னும் போகவில்லை. பால் விற்கும் அஞ்சலை கொட்டகை வாசலில் நிற்கிறார்.

நகருக்குள் மாடு வளர்க்கக் கூடாது. அதனால் போன மாதம்தான் பழைய கொட்டகையைப் பிரித்து, எல்லைக்கு வெளியே வந்து இதைக் கட்டியிருக்கிறார். இன்று எல்லை அவரைத் தாண்டிப் போகிறது.

"டவுன் வளருதும்மா, நான் என்ன செய்ய?" என்கிறார் அளவைக்காரர்.

"வளரட்டும் சார். எம்மாடு போற பக்கமாப் பாத்தா வளரணும்? உங்க முளை மாட்டவிட வேகமா நடக்குது!"

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாமே வேகம்தான் என்று அளவைக்காரர் என்னிடம் பெருமையாகச் சொல்கிறார். நகருக்குள் வந்துவிட்ட இந்த இடத்துக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கிறேன். அது வேறு இலாகாவாம்.

"இன்னும் தள்ளிப் போனா, தெங்கேரா கடைங்களுக்குப் போறதுக்குள்ள பாலு திரிஞ்சிரும், தம்பி," என்கிறார் அஞ்சலை. பிறகு அளவைக்காரரிடம் திரும்புகிறார். "அடுத்த முளை எங்கன்னு இப்பவே சொல்லிருங்க சார். அதுக்கு அந்தாண்ட கட்டிக்கிறேன்."

அது இன்னும் முடிவாகவில்லை. கொட்டகையைப் பிரிக்க அஞ்சலைக்கு ஒரு மாதம் தரப்பட்டிருக்கிறது.