கன்னையா வாத்தியார் மாற்றிவைத்த லயம்

இலங்கையில் கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கின் பள்ளிக்குக் கன்னையா வாத்தியார், ஓடைக்கு அப்பால் கீழ்க்கணக்குப் பள்ளிக்கு ஞானமுத்து வாத்தியார். கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் ஓடை தாண்டி வரும்போதெல்லாம் கன்னையாவுக்கு வயிறு எரியும்.

ரப்பர் விலை விழுந்து, சனங்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குத் திரும்பிய வருஷம் அது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். இத்தனை பிள்ளைகளுக்கு இரண்டு பள்ளி வேண்டாம், தை மாதம் வருவேன், அன்றைக்கு எங்கே அதிகம் பேரோ அது மட்டும் இருக்கட்டும் என்று தோட்டத்துத் துரையிடம் சொல்லிப் போனார். மேலே இருபத்து மூன்று பேர், கீழே முப்பத்தொன்று.

அந்த முப்பத்தொன்றில் பதினான்கு, இராமசாமி கங்காணியின் ஆட்கள் பெற்றவை. கங்காணி வேறு யாருமில்லை, கன்னையாவின் மனைவி மூக்காயிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கன்னையா வெற்றிலையோடு போய் உட்கார்ந்தார். கங்காணி துரையிடம் பேசி, தன் ஆட்களை மேலே இருந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, குடிமாற்றிக் கொண்டுவந்தார். இடம் வேண்டுமே, பழைய குடும்பங்கள் சில கீழே இறங்கின. அவர்களோடு எட்டுப் பிள்ளைகளும் போயின. போனால் போகட்டும், மூக்கொழுகிகள் என்றார் கன்னையா. ஞானமுத்துவின் முகம் எப்படியிருக்கும் என்று பார்க்க வேலையில்லாமல் இரண்டுதரம் ஓடைப்பக்கம் நடந்தார்.

மார்கழியில் துரை, இராமசாமி கங்காணியையும் ஆட்களோடு ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். கங்காணி கிளம்பினால் அவர் கூட்டிவந்த ஆட்கள் ஒருவர் மிஞ்சாமல் கிளம்ப வேண்டும். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது. பொறாமையில் வாத்தியாருக்கு மறந்துபோயிற்று.

"மச்சான், இன்ஸ்பெக்டர் வர்றவரைக்கும் பிள்ளைங்களையாவது விட்டுட்டுப் போங்க," என்று கெஞ்சினார்.

"பெத்தவங்க கப்பல்ல, பிள்ளைங்க ஒங்க பள்ளிக்கூடத்துலயா?" என்று சிரித்தார் கங்காணி.

தையில் எண்ணியபோது மேலே பதினைந்து, கீழே இருபத்தைந்து.

அண்ணனை அனுப்பிவிட்டு அழுதுகொண்டிருந்த மூக்காயிதான் அதைச் சொன்னாள்: "நீங்க பேசாம இருந்திருந்தா இங்க இருபத்து மூணு, அங்க பதினேழு. கெடுத்தது நீங்கதான்."

பள்ளி மூடிய மறுநாள் கன்னையா பதினைந்து பேரையும் கூட்டிக்கொண்டு ஓடை இறங்கினார். ஞானமுத்து வாசலுக்கே வந்தார். பாதி அறையை ஒதுக்கி, தன் நாற்காலியையும் கொடுத்தார். அந்த நல்ல குணம்தான் கன்னையாவுக்குப் பொறுக்கவில்லை. கால் வீங்கினாலும் நின்றே பாடம் நடத்தினார், ஒருநாளும் அதில் உட்காரவில்லை.