காயாத வட்டு

ஆரோக்கியராஜ் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். குடுவை கழுவுவதும் கிருமி வளர்க்கும் தட்டுகளைத் தயார் செய்வதும்தான் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரான கடலூரில் பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்துவிட்டால் அவர்தான் டாக்டர். சளியா, சிரங்கா, சர்க்கரையா, எதற்கும் பதில் தயார். தெரியாது என்று சொல்லி மனுஷனுக்குப் பழக்கமே இல்லை.

ஆய்வு மாணவி வெண்மதி கற்பூரவள்ளி இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறு எடுத்தாள். புதினா குடும்பத்துச் செடி அது. கார்வக்ரால், தைமால் என்று அதில் இருக்கும் இரண்டு பொருள்கள்தான் அந்தக் காரமான வாசனைக்கும் காரணம், கிருமியைக் கொல்வதும் அவைதான் என்பாள். சாற்றில் நனைத்த சின்னக் காகித வட்டுகளை ஸ்பிரிட் வாசனை அடியோடு போகும்வரை காயவைத்து, கிருமி பூசிய தட்டில் வைக்க வேண்டும். மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காத இடம் எவ்வளவோ, அவ்வளவுதான் இலையின் பலம்.

அன்றைக்கு ஆரோக்கியராஜுக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். வட்டுகளை ஈரத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் வெறும் ஸ்பிரிட் வட்டு மட்டும் முந்தின நாளே காய்ந்திருந்தது. மறுநாள் அதை ஒட்டியே கிருமி முளைத்திருந்தது; இலை வட்டைச் சுற்றி இருபத்தொரு மில்லிமீட்டருக்குக் கிருமியே இல்லை! வெண்மதி துள்ளிக் குதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் டாக்டர் வெளுத்து வாங்கினார். "ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் கற்பூரவள்ளிகிட்ட நிக்காதுக்கா. அரைச்சி வச்சிக் கட்டு, போதும். என் கண்ணால பாத்தேன்."

கேட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய சொந்த அக்கா சவரியம்மாள். அவளுக்குக் காலில் சர்க்கரைப் புண்.

பத்து நாள் கழித்து வெண்மதி அதே சோதனையைத் தானே செய்தாள். ஒன்பது மில்லிமீட்டர்தான் வந்தது.

"அண்ணே, அன்னிக்கி வட்டெல்லாம் நல்லா காய வச்சீங்கல்ல?"

"வச்சேம்மா" என்றார். சொன்னதும் காது சுட்டது. அன்று கிருமியைக் கொன்றதில் பாதிக்கு மேல் ஸ்பிரிட் என்று அவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. மகள் வயதுப் பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டு நிற்கிறோமே என்று கூசியது.

சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போவதை அவள் நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. இலை விழுது வைத்துச் சுற்றிய துணியை அவிழ்த்தார். சுண்டுவிரல் கறுத்துப்போய் நாறியது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

பார்த்த டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "விரல எடுத்தே ஆகணும். யாரு இப்புடி இலைய வச்சிக் கட்டச் சொன்னது?"

சவரியம்மாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். "யாரும் சொல்லலீங்க. நானாத்தான் கட்டிக்கினேன்."

அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "நான்தாங்க சொன்னேன்" என்றார். டாக்டரம்மா காதில் விழ இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க யாரு? டாக்டரா?"

"இல்லீங்க. லேப்ல கிளாஸ் கழுவுறவன்."

அக்காவை உள்ளே கொண்டுபோனதும் வராந்தாவில் நின்று வெண்மதிக்குப் போன் போட்டார்.

"அன்னிக்கி நான் காய வைக்கலம்மா."