கோல்வில் ஆட்டத்தன்று ஒரு கல்யாணம்

ட்ரஸ்காட் ஊரில் செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடியும்வரை சனிக்கிழமைகளில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தடை ஒன்றும் கிடையாது, வைத்தால் வருவதற்கு ஆள்தான் கிடையாது. சனிக்கிழமை என்றால் கல்லூரி அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். சாகிறவர்கள்கூட வெள்ளிக்கிழமைக்குள் செத்தால் நாலு பேர் வந்து தூக்குவார்கள் என்று பாஸ்டர் லூத்தர் சொல்வார். அதை அவர் வேடிக்கைக்குத்தான் சொல்கிறாரா என்று யாருக்கும் நிச்சயமில்லை. மைதானத்தின் பன்னிரண்டாம் பகுதியில் அவருக்கும் ஓர் இருக்கை உண்டு.

அதே பகுதியில் முப்பத்தோரு வருடமாக ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தவள் வெர்னெல் ஸ்ட்ரவுட். வயது ஐம்பத்தெட்டு. வாரநாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். எதிரிக் கல்லூரியான கோல்வில்லின் பாட்டை எவனாவது பேருந்தில் முணுமுணுத்தால் ஒரு வாரம் அவனுக்குக் கடைசி இருக்கைதான். ட்ரஸ்காட் அணிக்கு நாரைகள் என்று பெயர். வெர்னெல்லின் கோட்டு, தொப்பி, கையுறை, சமையலறைத் திரைச்சீலை எல்லாமே நாரைகளின் பச்சை நிறம். கணவன் டோயலுக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது. சனிக்கிழமை தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவான். அவன் நிம்மதியான மனிதன்.

மகள் கோராலி வயிற்றில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை வெர்னெல்லுக்கு மைதானத்திலேயே வலி கண்டுவிட்டது. ஆட்டம் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதை ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் அவளே. சின்ன வயதில் கோராலியும் கேட்டுச் சிரித்தாள். வளர்ந்த பிறகு சிரிப்பதை நிறுத்தினாள், அது வெர்னெல்லின் கண்ணில் படவில்லை.

இந்த வருடம் ஆகஸ்டில் ஊருக்கே கிறுக்குப் பிடித்திருந்தது. போன வருடம் ஆடிய பையன்களில் முக்கால்வாசிப் பேர் திரும்ப வந்திருந்தார்கள். பந்து எறிவதில் சூரன் என்று பேர் வாங்கிய டாரியன் மக்ரேயும் வந்திருந்தான். பத்திரிகைக்காரர்கள் நாரைகளைப் பட்டியலில் முதலாவதாகப் போட்டார்கள். டிசம்பர் ஏழாம் தேதி நடக்கும் இறுதிப் போட்டிக்கு நாம் போவது உறுதி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சவரக்கடை, கசாப்புக்கடை, தேவாலயம் எல்லாவற்றிலும் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றிப் பச்சை வட்டம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோராலி வந்து, அக்டோபர் பன்னிரண்டு சனிக்கிழமை எம்மெட்டைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்றாள். மின்கம்பம் ஏறும் வேலை எம்மெட்டுக்கு. தங்கமான பையன். அவனை அவள் முதன்முதலில் பார்த்தது முன்பொரு அக்டோபர் பன்னிரண்டில்தான். கிறிஸ்துமஸுக்குள் அவன் நாட்டின் அந்தக் கோடியில், ஆரிகனில் புது வேலையில் சேர வேண்டும். கல்யாணத்தை முடித்துக்கொண்டு இருவரும் கிளம்பிவிடுவார்கள்.

வெர்னெல் தேதியைக் கேட்டதும் பதறிப்போனாள். சனிக்கிழமை எப்படி முடியும், அதுவும் இந்த வருடம், ஜனவரியில் வைத்துக்கொள்ளலாமே என்று கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் அன்றைக்கு வைத்தால் பாதி ஊர் வராது என்றாள். அந்தப் பாதியில் தானும் உண்டு என்பதை வாயால் சொல்லவில்லை. கோராலி புரிந்துகொண்டாள்.

“சரிம்மா. சர்ச்சும் வேணாம், ஊரும் வேணாம். டிசம்பர் ஒம்பது திங்கக்கிழமை கோர்ட்ல போய் நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கறோம். யாரும் வர வேணாம்.”

சொன்னதோடு நிற்கவில்லை, வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். கோபம் நாலு நாளில் தணிந்துவிடும் என்று வெர்னெல் நினைத்தாள். அவள் கண்ணை ஆட்டம் மறைத்திருந்தது.

ஆட்டமோ, அதை ஏன் கேட்கிறீர்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே மக்ரேயின் முழங்கால் போய்விட்டது. அவனுக்குப் பதிலாக வந்த பையன் பந்தை எதிரணிக்காரன் கையில் பார்த்துப் பார்த்துப் போட்டான். கல்யாணம் நடந்திருக்க வேண்டிய அந்த அக்டோபர் பன்னிரண்டில் நாரைகள் நாற்பத்தோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். வெர்னெல் மழையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். பத்து ஆட்டம் முடிந்தபோது மூன்றில்தான் வெற்றி. இறுதிப் போட்டிக் கனவு என்றைக்கோ போயிருந்தது.

ஏமாற்றத்தைப் பன்னிரண்டாம் பகுதிக்காரர்கள் அவரவர் வழியில் சமாளித்தார்கள். சிலர் பயிற்சியாளரைத் திட்டினார்கள். ஒருத்தர் ஜெயித்த நாளில் போட்ட காலுறையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வந்தார், பக்கத்தில் இருந்தவர்கள்தான் பாவம். வெர்னெல்லின் பக்கத்து இருக்கைக்காரர், டிராக்டர் பழுது பார்க்கும் ஹாயட் பிரிம், வேகவைத்த கடலையை உரித்து உரித்துத் தின்றபடி அடுத்த வருடத்து அணியைப் பற்றி மட்டுமே பேசினார்.

பத்தாவது ஆட்டம் முடிந்து திரும்பும்போது அந்த ஹாயட்தான், இந்த டிசம்பர் ஏழாம் தேதியை வைத்துக்கொண்டு ஊரே இனி என்ன செய்யப்போகிறதோ என்று அலுத்துக்கொண்டார். வெர்னெல்லுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. சர்ச் காலி, பாஸ்டர் காலி, ஊரில் ஒருவருக்கும் அன்றைக்கு வேலை கிடையாது. இதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும்?

மறுநாளே மகளின் வீட்டுக்குப் போனாள். கோராலி தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதையெல்லாம் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“அந்த நாள் ஏம்மா காலியா இருக்கு?”

“நாமதான் தோத்துட்டோமே.”

“ஜெயிச்சிருந்தா?”

ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வெர்னெல்லுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இருபத்தேழு வருடமாகப் பேருந்தில் பிள்ளைகளின் பொய்யைக் கண்ணாடியிலேயே பார்த்துப் பிடிப்பவள், தன் பெண்ணிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

“ஜெயிச்சிருந்தா உங்கிட்ட வந்து கேட்டிருக்க மாட்டேன்.”

“அப்ப உங்க டீம் தின்னு மிச்சம் வெச்சதை எனக்குக் கொண்டாந்திருக்க. அதை நீயே வெச்சுக்கம்மா.”

வெர்னெல் வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்ப வெகுநேரம் ஆயிற்று. வெட்கமாக இருந்தது. தோற்றதற்கு அழுததுண்டு, ஆனால் அன்றைக்கு அழுதது அதற்கல்ல. பெண் கோர்ட்டில் தனியாக நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆரிகனுக்குப் போய்விடுவாள், அவளுடைய கல்யாணத்தில் அம்மா இல்லை என்பது காலத்துக்கும் நிற்கும். அதை நினைத்து அழுதாள்.

மூன்று நாள் கழித்து, பிள்ளைகளை இறக்கிவிட்ட காலிப் பேருந்தோடு நேராக மகள் வீட்டு வாசலுக்கே போய் நிறுத்தினாள். உள்ளே போகாமல் படியில் நின்றபடி கேட்டாள்.

“நவம்பர் இருபத்திமூணு சனிக்கிழமை. பகல் பன்னெண்டு மணி. உனக்குச் சரியா?”

கோராலி கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். நவம்பர் இருபத்துமூன்று கோல்வில் ஆட்டம். அது வெற்றி தோல்விக் கணக்குக்கெல்லாம் அப்பாற்பட்ட ஆட்டம். மற்ற பதினொன்றிலும் தோற்ற அணியாக இருந்தாலும் கோல்வில்லை மட்டும் அடித்துவிட்டால் அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் தலைநிமிர்ந்து நடக்கும். ஒன்பது வருடமாக அது நடக்கவில்லை. அம்மாவின் மடியில் உட்கார்ந்து வளர்ந்த கோராலிக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“பன்னெண்டு வேணாம்,” என்றாள். “மூணு மணி.”

பன்னிரண்டுக்குத் தொடங்கும் ஆட்டம் மூன்று மணிக்குத்தான் கடைசிக் கட்டத்தில் இருக்கும். உயிர் போய் உயிர் வருகிற நேரம் அது. பெண் தெரிந்துதான் கேட்கிறாள் என்பது வெர்னெல்லுக்கு விளங்கியது.

“மூணு மணி,” என்றாள்.

“காதுல எதையாவது மாட்டிக்கிட்டு வந்து உக்காரக் கூடாது.”

“மாட்டேன்.”

“ஹேண்ட்பேக்ல ரேடியோ?”

“வாசல்ல நின்னு நீயே சோதிச்சுக்கடி.”

பாஸ்டரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எதற்கும் பார்க்கிறேன் என்று நாட்காட்டியைப் பிரித்தார். பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. உதவிப் பாஸ்டர் நன்றாகப் பேசுவார் என்றார். கோராலிக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை உங்கள் கைதானே என்று வெர்னெல் கேட்டாள். அவர் பெருமூச்சு விட்டுக் குறித்துக்கொண்டார்.

அதற்குள் இன்னொரு தோல்வியும் சேர்ந்துவிட்டது. வெர்னெல் ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு அழைத்தாள். கல்யாணத் தேதியைக் கேட்டுச் சிலர் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள். அறுபது பேரை அழைத்ததில் மூன்று மணிக்குச் சர்ச்சில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் ஆட்டம் முடிந்து விருந்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டாம் பகுதிக்காரர்களில் ஹாயட் மட்டும் பச்சை டை கட்டிக்கொண்டு இரண்டரை மணிக்கே வந்துவிட்டார். இந்த அணியிடம் பார்க்க என்ன இருக்கிறது என்றார். அது பச்சைப் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். டோயல் தூண்டில் நாற்றம் போகக் குளித்துவிட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

மைதானம் அங்கிருந்து நாலு தெருதான். பாஸ்டர் வசனம் வாசிக்கையில் இரண்டு தடவை லேசாக இரைச்சல் கேட்டது. அவர் குரலை உயர்த்தி வாசித்தார்.

மூன்றரைக்கு மேல் இருக்கும். கோராலியும் எம்மெட்டும் எதிரெதிரே நின்றார்கள். சம்மதமா என்று பாஸ்டர் கோராலியிடம் கேட்டு வாயை மூடவில்லை, வெளியே கூச்சல் வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அடங்கும் என்று பார்த்தால் அடங்கவில்லை, மேலே மேலே ஏறிக்கொண்டே போயிற்று. கார் ஹாரன்கள் சேர்ந்துகொண்டன. பின்வரிசையில் ஹாயட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இருபத்திரண்டு பேரும் தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார்கள், டோயல் உட்பட.

காதில் விழவே இல்லை என்று வெர்னெல் பின்னாளில் யாரிடமாவது சொன்னால் நம்பாதீர்கள். விழுந்தது. தோல்வியில் இப்படிக் கத்த மாட்டார்கள் என்று முப்பத்தோரு வருடம் கேட்ட காதுக்குத் தெரியாதா? ஒன்பது வருடம் காத்திருந்தது நாலு தெரு தள்ளி நடந்துகொண்டிருந்தது, அவளுடைய இருக்கை அங்கே காலியாகக் கிடந்தது. ஆனாலும் அவள் தலையைத் திருப்பவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்ச் முழுக்க ஜன்னலைப் பார்த்தபோது கோராலி மட்டும் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, கல்யாணப் பெண் கேட்கக் கூடாத இடத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

“அம்மா, ஜெயிச்சது நாமதானே?”

“நாமதான்டி. பாஸ்டர் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லு.”

கோராலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எம்மெட்டின் பக்கம் திரும்பி, வெளியே கேட்கும் கூச்சலைவிட உரக்க, சம்மதம் என்றாள்.