போனில் வந்த ராகுகாலம்

என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால் அவர்கள் கையில் ஒரு பார்சல் கொடுத்துவிடுவான். முன்பெல்லாம் சொக்லேற், குளிர்க் கோட்டு, பாதி முடிந்த சென்ட் போத்தல் என்று வரும். இப்போது வருவதெல்லாம் போனும் அதன் பிள்ளை குட்டிகளும்தான். அவன் புதுப் போன் வாங்கினால் பழையது எனக்கு. நான் வீட்டு வயரிங் வேலை செய்து பிழைத்தவன். சுன்னாகத்துக்கும் சண்டிலிப்பாய்க்கும் இடையில் நான் கை வைக்காத மீற்றர் பெட்டி குறைவு. சுவிச் உள்ள எந்தச் சாமானையும் நோண்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் ஒழுங்கையில் யாருக்கு என்ன புதுச் சாமான் வந்தாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் பாவிப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் எழுப்பமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

பாவித்த அனுபவத்தில் சொல்கிறேன். காதுக்குள் செருகுகிற வயரில்லாத சாமான் சைக்கிள் ஓடுகிறவனுக்குச் சரிவராது. முதல் நாளே ஒன்று கழன்று வெங்காயத் தோட்டத்துக்குள் விழுந்தது. தோட்டக்காரன் என்னைக் களவெடுக்க வந்தவன் போலப் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னேரம் முழுக்கக் குனிந்து தேடி எடுத்தேன். வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறும் என்ற பவர் பாங்க் சுத்த ஏமாற்று. எங்கள் ஊர் வெயிலே அதற்குப் போதவில்லை என்றால் கனடாவில் அதை வைத்து என்னதான் செய்தார்களோ தெரியாது. ஆனால் அதில் இருக்கிற ரோச் லைற் அருமை. செல்பித் தடியில் என் முகத்தை எடுக்க எனக்கு வெட்கம். கூரைக்கு மேல் இருக்கிற தண்ணீர்த் தாங்கியை ஏணி வைக்காமல் எட்டிப் பார்க்க அதைப்போல ஒன்று இல்லை. வட்டமான ஒரு வெளிச்சம் வந்தது, படம் எடுக்கிறபோது முகத்துக்கு அடிப்பதாம். என் மனிசி அதைக் குசினியில் கொழுவி அதன் கீழிருந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

ஒருமுறை ஸ்மார்ட் வாச் வந்தது. நடந்த அடிகளை எண்ணுமாம். பரீட்சைக்கு அதை மனிசியின் கையில் கட்டிவிட்டேன். அவள் திருவலையில் குந்தி இரண்டு தேங்காய் திருவினாள். அவ்வளவுதான், நல்ல தூரம் நடந்துவிட்டீர்கள் என்று வாச் துடித்துத் துடித்துப் பாராட்டியது. இருந்த இடத்திலேயே அளவெட்டிக்குப் போய் வந்துவிட்டேன் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

எல்லாவற்றுக்கும் சிரிக்கிற அவள் சிரிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. நேரம். ராகுகாலத்தில் அவள் படலையைத் தாண்டமாட்டாள். கிழமை ஏழு நாளின் ராகுகாலமும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாய்ப்பாடு போல அவளுக்குப் பாடம். எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள், முப்பது தாண்டிவிட்டது. வந்த சம்பந்தங்களில் நல்ல ஒன்று, மாப்பிள்ளையின் சாதகக் குறிப்பு ராகுகாலத்தில் வீட்டுக்கு வந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனிசியால் நின்றுபோனது. குறிப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினாள். எனக்கு வந்த கோபத்தில் நாலைந்து நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அதனால் தம்பி கடைசியாக அனுப்பிய போனில் பஞ்சாங்கச் செயலி ஒன்று இருப்பதைக் கண்டபோது எனக்குச் சந்தோசமும் புளுகமும் தாங்கவில்லை. தமிழில் இருந்தது. தொட்டால் அன்றைய நல்ல நேரம் பச்சையில், ராகுகாலம் சிவப்பில். இடையில் நகைக்கடை விளம்பரம் வந்து தொந்தரவு செய்யும், அது பரவாயில்லை. மேலே மூலையில் சின்ன ஆங்கில எழுத்தில் ரொறன்ரோ என்று போட்டிருந்தது. பருத்தித்துறை வடைப் பைக்கற்றில் பருத்தித்துறை என்று போட்டிருப்பது போலச் செயலியைச் செய்த ஊர் என்று நினைத்தேன். வெளிநாட்டுத் தயாரிப்பு, திறமாய்த்தான் இருக்கும் என்று பெருமைப்பட்டேன். நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று போனுக்குச் சொல்லுகிற லொக்கேஷனை நிறுத்தி வைத்தவனும் நான்தான். பற்றறி இறங்கும் என்று ஒழுங்கை முழுக்க அந்தப் புத்திமதி சொல்லியிருக்கிறேன்.

கார்த்திகை மாதம் தம்பி ஒரு சம்பந்தம் சொன்னான். பெடியன் ரொறன்ரோவில், நல்ல குடும்பம், மகளின் குறிப்பைப் படமெடுத்துப் போனில் அனுப்பு என்றான். எப்போது அனுப்புவது என்று செயலியைப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை எட்டு மணி பச்சையில் இருந்தது. மனிசி திகைத்துப்போனாள். திங்கள் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றாள். நான் விடவில்லை. கலண்டர் அடிக்கிறவன் வருடம் முழுவதுக்கும் ஒரு குத்துமதிப்பாகப் போடுகிறான், சூரியன் நாளுக்கு ஒரு நேரத்தில் உதிக்கிறது, இது அன்றன்றைய சூரியனை வைத்து நிமிடக் கணக்காகச் சொல்கிறது என்று வகுப்பே எடுத்தேன். அவள் யோசித்தாள். "உங்களுக்குத் தெரியாததோ?" என்றாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவள் வாயில் இந்தச் சொல்லைக் கேட்க நான் காத்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை போனைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து அதற்குத் திருநீறும் பூசி ஒரு பூவும் வைத்தாள். எட்டு மணிக்கு நான் விரலை வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வைஃபை நின்றுவிட்டது. படம் போகாமல் சுற்றிக்கொண்டே நின்றது. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவள் பதற, கிணற்றடியில் சிக்னல் நன்றாக இருக்கும் என்று நான் போனும் பூவுமாக ஓடினேன். அங்கே போய்ச் சேர்ந்தது. அவள் கிணற்றடியிலேயே நின்று கும்பிட்டாள்.

குறிப்பு பொருந்தியது. பெடியனும் மகளும் போனில் கதைக்கத் தொடங்கினார்கள். அந்த வயரில்லாத சாமானை அவளுக்குத்தான் கொடுத்திருந்தேன், அதனால் அவன் என்ன சொல்கிறான் என்று எங்களுக்குக் கேட்காது. அறைக்குள் அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் வரும். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம். அந்தச் சத்தத்தைக் கேட்க நான் வேலையில்லாமல் விறாந்தையில் இருந்து பிளக்குகளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பேன்.

தையில் கலியாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை தாய் தகப்பனோடு வந்து அளவெட்டியில் சொந்தக்காரர் வீட்டில் நின்றார். தாலிக்குப் பொன்னுருக்குகிற சடங்குக்கு அவர்களுடைய சாத்திரியார் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதரைக்குப் பிறகு என்று நேரம் வைத்துச் சொல்லியனுப்பினார். மனிசி உடனே என் போனைக் கேட்டு வாங்கினாள். செயலியில் அந்த நேரம் சிவப்பாக இருந்தது. சாத்திரியார் பழைய கணக்கில் வைத்துவிட்டார், மாப்பிள்ளை பகுதியிடம் சொல்லி நேரத்தை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் தான் பொன்னுருக்குக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் கற்பித்த பாடத்தை எனக்கே திருப்பிச் சொன்னாள். சாத்திரியாரைப் பிழை பிடித்தால் அந்த வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தலையிடி பிடித்தது.

அடுத்த நாள் காலை முற்றத்தில் நின்று, மாற்றுவதற்கு வேறு ஒரு நேரம் கிடைக்குமா என்று செயலியைக் கீழே கீழே தள்ளிப் பார்த்தேன். ஆக அடியில் சூரிய உதயம் என்று ஒரு வரி. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. ஏழே முக்கால் என்றிருந்தது. அப்போது ஏழரைகூட ஆகவில்லை. வெயில் என் முதுகில் சுட்டுக்கொண்டிருந்தது. மனிசி கொடியில் போட்ட சேலை பாதி காய்ந்துவிட்டது. போனின் கணக்கில் சூரியன் இன்னும் வரவில்லை.

மேலே மூலையில் ரொறன்ரோ என்ற எழுத்தைப் பார்த்தேன். அது செயலியைச் செய்த ஊர் இல்லை. தம்பி தன் ஊருக்கு வைத்திருந்த கணக்கு அது. அவ்வளவு நாளும் இந்த வீடு கனடாச் சூரியனை வைத்து நடந்திருக்கிறது. ஊரை யாழ்ப்பாணம் என்று மாற்றினேன். சாத்திரியார் வைத்த நேரம் பச்சையாக வந்தது. பிறகு, பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்தேன்: குறிப்பு அனுப்பிய அந்தக் கார்த்திகைத் திங்கட்கிழமை எட்டு மணி. நல்ல கடும் சிவப்பு.

மண்டபம் எடுத்தாயிற்று, கூறைச் சேலை வந்தாயிற்று. அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. குறிப்பு ராகுகாலத்தில் வந்ததற்கே ஒன்றை நிறுத்தினவள், ராகுகாலத்தில் போனதற்கு இதையும் நிறுத்துவாள். மகளின் சிரிப்புச் சத்தம்தான் என் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம், செயலி புதுசாக மாறிவிட்டது என்று ஒரு கதை விடலாம் என்று யோசித்தேன். என்னால் தனியாக முடிவெடுக்க ஏலவில்லை. மகள் பள்ளிக்கூடம் போக ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு படலையடிக்கு வந்தபோது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முகம் வெளிறிவிட்டது.

"அம்மாட்டைச் சொல்லுங்கோ அப்பா," என்றாள். "பிறகு தெரிஞ்சால், அங்கை எனக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் அந்த ராகுகாலத்தாலைதான் எண்டு இஞ்சை இருந்து யோசிச்சுக் கொண்டிருப்பா. அவவாலை நித்திரை கொள்ள ஏலாது."

"நிப்பாட்டினால்?"

"நிப்பாட்டினால் நான் அவவோடை கதைக்கிறன்," என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மனிசி குசினியில் பலகாரத்துக்குப் பயற்றம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு பலகையைப் போட்டு இருந்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். வடைப் பைக்கற் கதையையும் சொன்னேன், லொக்கேஷன் கதையையும் சொன்னேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். அவள் ஏசவில்லை. உருண்டை பிடிக்கிற கையும் நிற்கவில்லை.

"அப்ப அண்டைக்கு நாங்கள் குறிப்பு அனுப்பினது ராகுகாலத்திலை."

"ஓம்."

"அந்த ஊர்க் கணக்கிலை?"

"அந்த ஊர்க் கணக்கிலை நல்ல நேரம்."

எங்களுக்குத் திங்கள் காலை எட்டு மணி என்றால் அங்கே இன்னும் ஞாயிறு இரவு. அது அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. அதை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள். "பிள்ளை எங்கை இருந்து சீவிக்கப் போறாள்?"

"அங்கை."

"பிறகென்ன?" என்றாள். "இனி அவளுக்கு அந்த ஊர்ச் சூரியன்தானே."

சொல்லி முடித்ததும் அவளுடைய கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு நாளும் சேலை, பலகாரம், மண்டபம் என்று ஓடித் திரிந்தவள், மகள் போகப்போகிறாள் என்பதை ஒரு தரமாவது வாய் விட்டுச் சொன்னதில்லை. விரலெல்லாம் மா என்பதால் முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு பட்சம் வந்தது. நானும் கை கழுவிவிட்டு வந்து உருண்டை பிடித்தேன். என்னுடையது ஒன்றும் உருண்டையாக வரவில்லை, எல்லாவற்றையும் உடைத்துத் திரும்பப் பிடித்தாள்.

செயலியை யாழ்ப்பாணத்துக்கு மாற்றிவிட்டேன், இனிப் பிழைக்காது என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

"முந்தி இருந்த மாதிரியே விடுங்கோ," என்றாள். "எங்களுக்குச் சுவரிலை கலண்டர் கிடக்கு."

பொன்னுருக்கு சாத்திரியார் சொன்ன நேரத்துக்கே நடந்தது. கலியாணமும் குறைவில்லாமல் நடந்தது. மகள் விசா வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கே ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. சந்தோசமாக இருக்கிறாள். வீடியோவில் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கன்னம் கொஞ்சம் வைத்திருக்கிறது. தம்பி புதிதாக ஒரு போன் அனுப்பியபோது, பஞ்சாங்கச் செயலி இல்லாத போன் எனக்கு வேண்டாம் என்று சொல்லிப் பழையதையே வைத்திருக்கிறேன். அதில் இப்போதும் ரொறன்ரோதான். அங்கே விடிகிற நேரம் எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைத்து முடிந்ததும் மனிசி என் போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தன்னுடைய போனில் மகளுக்குக் கோல் எடுப்பாள்.

மற்ற நாட்களில் மகள் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் நாலு சொல்லோடு சரி. திங்கட்கிழமை மட்டும் அங்கே காலையில் ராகுகாலம் வரும். அது கழியும்வரை வெளிக்கிடக் கூடாது என்பது தாயின் கட்டளை. மகளும் அன்றைக்கு வேலையைக் கொஞ்சம் பிந்தித் தொடங்குகிற மாதிரி மாற்றி எடுத்திருக்கிறாள். நேரம் கழிய வேண்டுமே என்று இரண்டு பேரும் கதைப்பார்கள். என்ன சமைத்தாய், குளிருக்குக் காதை மூடினாயா, முருங்கை காய்த்திருக்கு, உன்ரை சேலையை எலி கடிச்சுப் போட்டுது. ஒன்றுமில்லாத கதைதான். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன திங்கட்கிழமையும் அப்படித்தான். கதைத்துக் கதைத்து மகள் சப்பாத்தைத் தேடி எடுத்துவிட்டாள். "நேரம் சரியே அம்மா? போயிட்டு வரட்டே?" என்று கேட்டாள். மனிசி மடியில் கிடந்த போனைத் தூக்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்புக் கோடு முடிந்து நல்ல நேரம் ஆகிவிட்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கிடக்குப் பிள்ளை," என்றாள். "இரு, போகலாம்."