கப்பல் கேட்க வந்த தூதரும் மலரின் விசாவும்

டேனிஷ் மொழியில் கலியாணம் கட்டியவருக்கும் நஞ்சுக்கும் ஒரே சொல்தான்: கிஃப்ட். இது தெரியாத காலத்தில், அகதி முகாமில் ஒரு தாதி என்னைப் பார்த்து "கிஃப்ட்?" என்று கேட்டார். நான் போட்டிருந்த குளிர்ச்சட்டை அன்பளிப்பா என்று கேட்கிறார் என நினைத்து, "ஓம், போன கிழமைதான் கிடைத்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார். உண்மையில் நான் மலரைக் கைப்பிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள்.

அகதியாக ஏற்கப்பட்டவர் மனைவியைக் கூப்பிடலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். நான் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் என்ற துறைமுக நகரில் குடியேறிய கையோடு விண்ணப்பித்தேன். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் மட்டும் அசையவேயில்லை. அவற்றை அமைச்சரே கிடப்பில் போடச் சொன்னார் என்பதும், அது 'தமிழர் வழக்கு' என்று பேரெடுத்து ஓர் அரசாங்கத்தையே கவிழ்க்கும் என்பதும் பின்னால் தெரிந்த கதை. அப்போது எங்களுக்குக் கிடைத்த பதில் "பொறுங்கள்" ஒன்றுதான்.

மொழிப்பள்ளி ஆசிரியை இங்கர் எங்களை ஊர் மண்டபத்தில் ஆளுக்கொரு பேச்சுப் பேச வைத்தார். டென்மார்க்கில் வாழ்ந்த ஒரு வெளிநாட்டவரைப் பற்றிப் பேசவேண்டும். நான் கொழும்பில் சட்டம் படித்து இடையில் விட்டவன் என்பதால் எனக்கு ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தூதரைத் தேடித் தந்தார்.

அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. வக்கீலாக இருந்தவர். நெப்போலியன் காலப் போரில் டேனிஷ்காரர் பிடித்துவைத்த அமெரிக்கக் கப்பல்களுக்கு நியாயம் கேட்கக் கோப்பன்ஹேகன் வந்தார். இங்கே சொன்ன சாக்குப்போக்குகள் கொஞ்சமல்ல. அவர் கோபப்படவில்லை, திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். இடையில் டேனிஷ் படித்து, இந்த வடநாட்டுக் கடலோடிகளின் வரலாற்றையே எழுதினார். கடைசியில் இழப்பீடும் வாங்கினார். பிறகு பெர்லினுக்குப் போய், அரசுகளும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான் என்று அவர் எழுதிய நூலை, அவர் இறந்தபின் சீனர்கள்கூடத் தங்கள் மொழியில் படித்தார்கள்.

இதையெல்லாம் என் உடைந்த டேனிஷில் ஒருவாறு சொல்லி முடித்தேன். முன்வரிசையில் இருந்த முதியவர் கையை உயர்த்தினார். ஏரிக் என்று பெயர். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"அந்தத் தூதர் கிஃப்ட்டா?"

"ஆம். மனைவி, பிள்ளைகளோடுதான் கோப்பன்ஹேகனில் இருந்தார்."

"நீ?"

"நானும்தான். ஆனால் மனைவிக்கு இன்னும் அனுமதி வரவில்லை."

"சட்டத்தில் இடம் இல்லையா?"

"இருக்கிறது."

ஏரிக் சிரித்தார். "அப்படியென்றால் நாமும் அவரைப் போலத் திரும்பத் திரும்பக் கேட்போம்."

சொன்னபடியே செய்தார். திங்கட்கிழமைகளில் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, அமைச்சுக்குத் தொலைபேசி எடுப்பார். "வணக்கம், மறுபடியும் நான்தான்" என்று தொடங்குவார். மறுமுனையில் இருந்த பெண் நாளடைவில் அவருடைய முழங்கால் வலியை விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். விண்ணப்பம் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பிறகு பத்திரிகைகள் எழுதின. பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் நகர்ந்தன. மலருக்கு அனுமதி வந்தது. அதில் எங்கள் தொலைபேசிக்கு ஏதும் பங்குண்டா என்று எனக்குத் தெரியாது. ஏரிக்குக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் மலரைக் கூட்டிக்கொண்டு, ரயிலோடு கப்பலேறிக் கடல் கடந்து, ஹோர்சன்ஸ் வந்து இறங்கினோம். ரயில் நிலைய மேடையில் ஏரிக் ஒரு சின்ன டேனிஷ் கொடியை ஆட்டிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு ஆள் வந்தால் இவர்கள் அப்படித்தான் வரவேற்பார்கள்.

"என்னப்பா, ஆரிவர்? ஏன் கொடி ஆட்டுறார்?" என்றாள் மலர்.

"பயணம் எப்படி இருந்ததாம்? குளிருகிறதா என்று கேள்!" என்றார் ஏரிக்.

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, மகிழ்ச்சியில் நாக்குக் குழம்பி, மலருக்கு டேனிஷிலும் ஏரிக்குக்குத் தமிழிலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.