இடியப்ப உரலும் அரச சோதினையும்

எங்கடை தொழிலிலை ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. ரெண்டு கதிரை, கண் துடைக்க ஒரு பெட்டி டிஷ்யூ, வாயாலை கேட்கிற கேள்வி, இவ்வளவும்தான் ஆயுதம். ஜெர்மனியிலை, டுசல்டோர்ஃபிலை ஒரு ஆலோசனை நிலையத்திலை வேலை செய்துகொண்டு, நாப்பத்திரண்டு வயசிலை, சமூகப் பணியாளருக்கான அரச அங்கீகாரச் சோதினைக்குப் படிச்சனான். ஒரு பக்கம் ஜெர்மன், மற்றப் பக்கம் தமிழ் எண்டு நூற்றுக்கணக்கிலை அட்டை எழுதினன். என்னைப்போலை அட்டை எழுதிக் கைநொந்த சீவன்களே, உங்களுக்குத்தான் இந்தக் கதை.

சோதினை என்னவோ என்ரைதான். ஆனால் நான் பிழைவிட்டால் உயிர் போறது செல்வராசா அண்ணைக்கு எண்டது எனக்கு அப்ப விளங்கேல்லை. அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயசு. முப்பது வருசம் ரெஸ்ரோறண்ட் குசினியிலை நிண்டு முதுகு போட்டுது. போன குளிருக்கு மனுசி செத்துப்போனா. நேரத்தோடை பென்சன் எடுக்க அன்ட்ராக் எண்ட விண்ணப்பம் நிரப்பவேணும் எண்டு எங்களிட்டை வந்தவர், பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் நேரம் குறிச்சு டெர்மின் எடுத்து வந்துகொண்டிருந்தார்.

இரகசியம் காத்தல்

அட்டையிலை என்ன எழுதியிருக்கு? ஒராள் எங்களிட்டை வாறாரா, இல்லையா எண்டதையே வெளியிலை சொல்லக்கூடாது. லேசான அட்டை. ஒருநாள் தமிழ்க் கடையிலை வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிக்கிறன், பக்கத்திலை ஒரு அக்கா. "செல்வராசா உங்களிட்டைத்தானே வாறார், மனுசனுக்கு மண்டையிலை ஏதுமோ?" எண்டு கேட்டா. கடை முழுக்கக் கேட்கிற குரல். நானும் பெரிய கெட்டித்தனமா, "அண்ணையைப் பற்றி நான் கதைக்க ஏலாது அக்கா" எண்டு சொல்லிப்போட்டன்.

ஐயோ, அதைவிட 'ஓம்' எண்டே சொல்லியிருக்கலாம். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு போனா. அடுத்த புதன் அண்ணை தொப்பியைக் கண்மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து இருந்தார். என்னிலை கோபப்படேல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

"கடையிலை எல்லாரும் என்னைக் கண்டவுடனை கதையை நிப்பாட்டினம், தங்கச்சி. நான் இனி அந்தப் பக்கம் போறதில்லை."

நேரடியாகக் கேள்

எனக்குப் பிடிக்காத அட்டை இது. ஒராள் உயிரை விட நினைக்கிறார் எண்டு சந்தேகம் வந்தால் சுத்திவளைக்காமல் கேட்கவேணும். கேட்கிறதாலை அந்த நினைப்பு வராது, கேட்டால்தான் மனுசன் வாய்திறக்கும் எண்டு படிச்சிருக்கிறன். பழகிப்பாக்கிறதுக்காக என்ரை சக ஊழியர் சபீன நோயாளி மாதிரி நடிச்சா, நான் ஜெர்மனிலை கேட்டன். தண்ணிபட்ட பாடாய் வந்துது. "நல்லாச் செய்தாய்" எண்டு முதுகிலை தட்டினா.

புதன்கிழமை அண்ணை முன்னாலை இருக்கிறார். சட்டைக் கொலர் கழுத்திலை தொளதொளவெண்டு நிக்குது. அவ்வளவு மெலிவு. கேள்வி நாக்கிலை நிக்குது, வெளியிலை வருகுதில்லை. எங்கடை ஆக்களுக்குத் தெரியும்தானே, ஒராளின்ரை முகத்தைப் பாத்துச் சாவைப் பற்றிக் கதைச்சால் "உதென்ன வாய்" எண்டு ஏச்சு விழும். அதுவும் வயசிலை மூத்தவரிட்டையோ? அதுக்குப் பதிலா, "அண்ணை, நித்திரை வருதோ? நேரத்துக்குச் சாப்பிடுறியளோ?" எண்டு கேட்டன். கோழை நான், வேறை என்ன சொல்ல.

"எனக்கென்ன குறை, தங்கச்சி. நீங்கள் சாப்பிட்டாச்சோ?"

பரிசு வாங்காதே

அண்ணை வெறுங்கையோடை வாறதில்லை. மாஜரீன் பெட்டியிலை ரோல்ஸ், இல்லாட்டி வடை. பரிசு வாங்கக்கூடாது எண்டு அட்டை சொல்லுது. சாப்பாட்டைத் தள்ளினால் மனுசனைத் தள்ளின மாதிரி எண்டு என்ரை வளர்ப்புச் சொல்லுது. எல்லாரும் பங்குபோட்டுச் சாப்பிட்டுப் பெட்டியைக் கழுவிக் குடுப்பம்.

ஒரு புதன் பெட்டி இல்லை, பேப்பரிலை சுத்தின ஒரு பாரமான சாமான். பிரிச்சுப் பாத்தால் இடியப்ப உரல். மரத்தாலை செய்தது, கைபிடி மினுங்கித் தேஞ்சிருக்கு. மனுசியின்ரை எண்டார். நான் மூண்டுதரம் வேண்டாம் எண்டன், அவர் மூண்டுதரம் பிடியுங்கோ எண்டார். எங்கடை சனத்திலை இது வழக்கம்தானே, நாலாந்தரம் மறுத்தால் மரியாதை இல்லை. வாங்கினன். பரிசு வாங்கிப்போட்டனே, சோதினைக்காரருக்குத் தெரிஞ்சால் என்ன சொல்லுவினம் எண்ட பயத்திலை, நிலையத்துப் பரிசுப் பட்டியலிலை 'மரத்தாலான சமையல் உபகரணம்' எண்டு நேர்மையா எழுதியும் வைச்சன். அண்டைக்கு அண்ணையின்ரை முகத்திலை ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கண்டு எனக்குச் சந்தோசம் வேறை.

"வீட்டிலை சும்மா கிடந்து பூஞ்சணம் பிடிக்கப்போகுது. உங்கடை கையிலை எண்டாலும் புழங்கட்டும்."

எச்சரிக்கை அறிகுறிகள்

அடுத்த செவ்வாய் காலமை, எஸ்-பான் ரெயினிலை நிண்டபடி அட்டை புரட்டுறன். ஒண்டு, ஆக்களை விட்டு ஒதுங்கிறது. ரெண்டு, உடம்பு மெலியிறது. மூண்டு, தனக்குப் பிரியமான சாமானை மற்ற ஆக்களுக்குக் குடுக்கிறது. நாலு, கஷ்டத்துக்குப் பிறகு திடீரெண்டு ஒரு நிம்மதி.

நானே என்ரை கையாலை எழுதின அட்டை! உரலை நான் பரிசு எண்ட பாடத்திலை போட்டு வைச்சிருந்தனான், அது இந்தப் பாடத்துச் சாமான். அண்ணைக்கு ஃபோன் அடிச்சன், எடுக்கேல்லை. திருப்பி அடிச்சன். அடுத்த ஸ்டேசனிலை இறங்கி அவசர இலக்கத்துக்கு அடிச்சு, பிறகு சபீனவுக்குச் சொன்னன். பொலிஸ் போய்க் கதவைத் திறந்தது. உயிர் இருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இருந்திருக்காது எண்டு டொக்டர் சொன்னாராம். செய்தி வந்தவுடனை நான் பிளாட்ஃபோர்மிலை கிடந்த மரவாங்கிலை இருந்து சனம் பாக்கப்பாக்க அழுதன். நிலையத்துக்குப் போனவுடனை சபீன கேட்டா:

"ஆறு நாளா அந்த உரல் உன்ரை மேசையிலைதானே இருந்தது?"

மீண்டும் இரண்டாவது அட்டை

ஆசுபத்திரி வாட்டிலை அண்ணை சுவரைப் பாத்தபடி படுத்திருந்தார். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தன். இந்தமுறை தமிழிலையே கேட்டன்: "அண்ணை, இப்பவும் சாகவேணும்போலை இருக்கோ?" ஏசேல்லை அவர். பிறகு என்ரை பக்கம் திரும்பினார்.

"உரலைத் தந்த அண்டைக்கே இதைக் கேட்பியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

சோதினை

ரெண்டு கிழமையாலை வாய்மொழிச் சோதினை. மூண்டு பேர் மேசைக்குப் பின்னாலை. எச்சரிக்கை அறிகுறிகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டினம். ஒண்டும் விடாமல் சொன்னன். மூண்டாவதைச் சொல்லமுதல் மட்டும் ஒரு மிடறு தண்ணி குடிச்சன். நடுவிலை இருந்த அம்மா கண்ணாடியைக் கழட்டிச் சிரிச்சா.

"பாடத்தை எவ்வளவு ஆழமா உள்வாங்கியிருக்கிறீங்கள்!"

அரசாங்கம் எனக்கு 'மிக நன்று' எண்டு கடுதாசி தந்திட்டுது, ஆனால் ஒவ்வொரு புதனும் வாட்டுக்குப் போய் "உரலைத் திருப்பிக் கொண்டுவரட்டோ அண்ணை?" எண்டு கேட்க அவர் "பிறகு பாப்பம்" எண்டுதான் சொல்லுறார், அதனாலை என்ரை சோதினை முடிவு இன்னும் வரேல்லை.