தூங்கிப்போன ஏழுமலையும் முப்பத்திரண்டாவது அத்தியாயமும்

1991 ஜனவரி. பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு. காலை ஒன்பதரை மணிக்கு அம்பத்தூரில் பஸ் ஏறி, பூவிருந்தவல்லியில் இறங்கி, காஞ்சிபுரம் பஸ் பிடித்தேன். சுங்குவார்சத்திரத்துக்கு டிக்கெட் மூன்றரை ரூபாய். தூரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்.

"சத்திரத்துல இன்னா விசேஷம்ணா, கல்யாணமா?" என்றார் கண்டக்டர்.

"ஒரு கதையோட முடிவைக் கேட்கப் போறேன்."

"அதுக்கு பஸ் ஏறினு போறியா? சினிமாவுக்குப் போயிருந்தா ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சிருக்குமே!"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்தான்.

வடமீன் என்ற பெயரில் எழுதியவர் அரக்கோணத்துப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விஞ்ஞானக் கதை மட்டுமே எழுதுவார். அவருடைய ‘இரவல் மழை’ ஒரு மாதப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஏரி வறண்ட ஓர் ஊர். மலர்க்கொடி என்ற இன்ஜினியர் பெண் ஓர் இயந்திரம் செய்கிறாள். என்றோ பெய்து முடிந்த மழையை அது இன்றைக்கு இறக்கித் தரும். ஆனால் எந்த வருஷத்து மழையை எடுக்கிறார்களோ, அந்த வருஷம் மழையே பெய்யாத வருஷமாகிவிடும். அன்று விளைந்தது விளைந்திருக்காது. அந்த மழையால் பிழைத்தவர் பிழைத்திருக்க மாட்டார். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வருஷமாக எடுத்துத் தீர்க்கிறார்கள். கடைசியில் மிச்சம் ஒரே ஒரு வருஷம். அது அவள் பிறந்த வருஷம். அவள் விசையின் மேல் கையை வைக்கிறாள். ‘தொடரும்’ என்று போட்டார்கள். அது முப்பத்தொன்றாவது அத்தியாயம். பத்திரிகை அத்தோடு நின்றுவிட்டது. வாசகனைப் பற்றி ஒரு பயலுக்கும் கவலை இல்லை.

போன ஜூனில் பிள்ளைப்பாக்கம் பக்கத்து இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளர்கள் வடமீனை அழைத்து ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அதில் அவர் முடிவை வாயாலேயே சொன்னார் என்று கேள்விப்பட்டேன். பத்திரிகையில் என் வாசகர் கடிதங்களைப் பார்த்து எனக்கும் அழைப்புக் கார்டு அனுப்பியிருந்தார்கள். என் சூப்பர்வைசர் லீவு தரவில்லை. "கதை கேக்கற வேலைக்கா சம்பளம்? போய் லேத்தைப் பாரு" என்றான். ஐப்பசியில் வடமீன் இறந்துபோனார். இனி முடிவு இருப்பது கேட்டவர்களிடம் மட்டும்தான். அதனால்தான் பஸ் ஏறினேன்.

பதினொன்றரை மணி. கார்டில் இருந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டிருந்தேன், சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் கஜேந்திரன் என்பவர் எனக்காக நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். வார்ப்பாலையில் மண் அச்சு பிடிக்கிற வேலை, அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். விழா நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். டூரிங் டாக்கீஸுக்குக் கூட்டிப்போனார். பகலில் ஒரு சினிமாக் கொட்டகையைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. மணல் தரை. கீற்று இடுக்கில் விழுந்த வெயில் திரை முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. பீடித் துண்டுகளை ஓர் ஆள் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இங்கதான் மேஜை. அய்யா கறுப்புக் குடைய இந்தக் கம்பத்துல மாட்டினாரு. ஜூன் மாச வெக்கை. ஆளுக்கு ஒரு கோலி சோடா. எங்க ஆளு ஒருத்தன் எழுந்து, ‘மழைய எடுத்துட்டா அந்த வருஷம் கட்டின தாலி இன்னா ஆவும்’னு கேட்டான். அய்யா தலையச் சொறிஞ்சினு, ‘இத நான் யோசிக்கலையே’ன்னு நோட்டுல எழுதிக்கினாரு."

"சரி, முடிவு என்ன?"

"அத வாயால சொல்லக் கூடாதுணா" என்றார் கஜேந்திரன். அப்போதுதான் அவர்கள் வழக்கம் தெரிந்தது. பத்திரிகை ஒரே ஒரு பிரதி. நைட் ஷிப்ட் படித்து முதல் ஷிப்ட்டுக்கு லாக்கரில் வைக்கும். முதல் ஷிப்ட் இரண்டாவதுக்கு வைக்கும். ஒருத்தர் இன்னொருத்தரிடம் கதையை வாயால் சொல்லவே கூடாது. சொன்னவன் கைக்கு அடுத்த இதழ் கடைசியாகத்தான் வரும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் ஏழுமலை. உலை பார்க்கிறவர், நிரந்தரமாக நைட் ஷிப்ட். வடமீனைத் தேடிக் கண்டுபிடித்ததும் விழா எடுத்ததும் அவர்தான்.

"அவருக்குத்தாணா முடிவு தெரியாது" என்றார் கஜேந்திரன்.

"விழா எடுத்தவருக்கா?"

"காலைல ஆறு மணிக்கு ஷிப்ட் முடிச்சினு நேரா அரக்கோணம் போயி அய்யாவக் கூட்டியாந்தாரு. பேனர் கட்னாரு, பெஞ்ச் போட்டாரு. ‘பத்து நிமிஷம் சாஞ்சிக்கறேன்டா’ன்னு திரைக்குப் பின்னால மணல்ல படுத்தாரு. நான் எழுப்பத்தான் போனேன். அய்யாதான் தடுத்தாரு. ‘ராத்திரியெல்லாம் நெருப்புல நின்ன மனுஷன், வுடுப்பா’ன்னாரு. நாலு மணிக்குக் கண்ணு முழிச்சா, அய்யா பஸ் ஏறிப் போயிட்டாரு."

"ஏழு மாசமா யாரும் சொல்லலையா?"

"எப்படிணா சொல்றது? ரூல் போட்டதே அவரு. பொஸ்தகமா வரும், அப்போ படிக்கறேன்னாரு. இப்போ அய்யாவும் பூட்டாரு."

முட்டாள்தனம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன்.  கொஞ்ச நேரம் கழித்து, நான் வெளியாள் என்பதால் எனக்குச் சொன்னால் தப்பில்லை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். பெருக்குகிற ஆள் வெளியே போகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

மலர்க்கொடி விசையை இழுத்துவிடுகிறாள். மழை கொட்டுகிறது. ஊரே நனைந்து கூத்தாடுகிறது. இயந்திரத்தின் பக்கத்தில் யாரும் இல்லை. ‘இதை யார் செஞ்சது?’ என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"முற்றும்னு சொல்லிக் கும்பிட்டாரு. நாங்க ஒண்ணே கால் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட்டமா ஓடினோம். அன்னிக்கி ஷிப்ட் முழுக்க எவனும் எவன்கிட்டயும் பேசல."



மணி ஒன்றேகால். அவரோடு கம்பெனி பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பதினோரு கிலோமீட்டர். அங்கிருந்து ஒரகடம் சாலையில் திரும்பி ஐந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் அறுவடைக்கு நின்ற நெல். நடுநடுவே வயலில் அளவுக் கல் நட்டிருந்தது. யார் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "மெட்ராஸ்காரனுங்க" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள், ஏதோ நானே வாங்கியதுபோல.

ஒன்றே முக்காலுக்கு ஆலைக் கேட்டில் இறங்கினோம். எதிரே டீக்கடை. கஜேந்திரன் என்னை ஏழுமலையிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயது. நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்திருந்தது. பத்திரிகை நின்ற பிறகு வேறு கதைப் புத்தகம் சுற்றுகிறதாம், ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அதைக் கைமாற்ற வருவாராம். எனக்கு டீ சொன்னார். வடமீன் வீட்டுக்குத் துக்கத்துக்குப் போனதைச் சொன்னார்.

"அய்யாவோட சம்சாரம் நோட்டு எல்லாத்தையும் காட்னாங்க. முப்பத்தொண்ணு வரைக்கும்தான் எழுதிக் கீது. அடுத்த பக்கத்துல ‘முப்பத்திரண்டு’ன்னு போட்டு கோடு இழுத்துக் கீறாரு. கீழ ஒண்ணுமே இல்ல. அத்தினி பேர் கேட்டாங்க. கூட்டியாந்த நான் தூங்கிக் கெடந்தேன். இப்பல்லாம் படுத்தா தூக்கமே வர மாட்டுது. கண்ண மூடினா அந்தக் கொட்டகைதான் வருது."

இரண்டேகால் மணிக்கு முதல் ஷிப்ட் வெளியே வந்தது. தாஸ் என்பவர் வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். அவரும் விழாவில் இருந்தவர். வந்ததும் வராததுமாக ஏழுமலையைக் கிண்டல் செய்தார்: "இன்னா தலைவரே, முழிச்சினுதான் கீறியா?" ஏழுமலை சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"விசையை இழுத்துடறா. மழை பெய்யுது, அவ இல்லாமப் போயிடறா. அவ்வளவுதான் முடிவு" என்றேன்.

 ஏழுமலை எழுந்து நின்றார். "ஏன்யா சொன்ன? ஒன்னிய யார் கேட்டா?" என்றார்.  செய்தது தப்போ என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

"இன்னா ஒளர்ற நீ?" என்று தாஸ் என் மேல் பாய்ந்தார். "யாருய்யா ஒனக்கு இப்டி சொன்னது? அவ எங்க இழுத்தா? மிஷினக் கழட்டி, வண்டியில ஏத்தி, வார்ப்பாலை உலையில போட்டு உருக்கிட்றா. அதுல கைபம்பு வாக்கறாங்க. எங்க காதால கேட்டோம்!"

"கஜேந்திரன் சொன்னாரு. முற்றும் சொல்லிக் கும்பிட்டாராம்."

"எங்களாண்டயும்தான் முற்றும் சொல்லிக் கும்பிட்டாரு! நாங்க ஷிப்ட் முடிஞ்சி கரி மூஞ்சியோட சைக்கிள்ல போய்ச் சேரும்போது மூணே கால் மணி. மறுபடி சொல்லுங்கன்னோம். சொன்னாரு."

தாஸ் பேசிக்கொண்டே இருந்தார். கஜேந்திரனைத் திட்டினார், அப்புறம் வடமீனையே சந்தேகப்பட்டார். "நம்மள ஏமாத்திட்டாரா தலைவரே?" என்றார். வாயால் சொல்லக் கூடாது என்று இருந்ததால் இரண்டு ஷிப்ட்டும் ஏழு மாதமாக ஒத்துப் பார்த்ததே இல்லை.

ஏழுமலை மெதுவாக உட்கார்ந்தார்.

"ஒங்க கரி மூஞ்சியப் பாத்து உலையக் கொண்டாந்துட்டாரு" என்றார். "பஸ்ஸுக்குப் பறக்கறவனுங்களப் பாத்து சட்டுனு இழுத்துட்டாரு. நோட்டுல கோடு மட்டும்தான் கீது. அவருக்கே முடிவு கெடைக்கலடா தாஸு. தேடிக்கினு இருந்துக் கீறாரு."

பிறகு என் பக்கம் திரும்பினார். சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்: "அப்போ நான் தூங்கினதுல ஒண்ணும் போயிடலையா?"

"ஒண்ணும் போகல" என்றேன்.

 ஏழுமலை கையில் இருந்த புத்தகத்தைத் தாஸிடம் கொடுத்தார். "ராத்திரி ஷிப்ட் கீது. வூட்டுக்குப் போயி படுக்கறேன்" என்று சைக்கிளை எடுத்தார். நான் தனியாக அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் பிள்ளைப்பாக்கம் பாதையில் பாதி தூரம் போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்தது. அம்பத்தூரில் நான் வேலை பார்க்கிற ஆலையில் எண்ணூறு பேர். ஒரே ஷிப்ட், ஒரே கேட். எவனாவது புதுப்படம் பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் டிபன் நேரத்துக்குள் எண்ணூறு பேருக்கும் முடிவு தெரிந்துவிடும். பார்க்காதவன் ஒருத்தன் இருப்பானே என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை. இங்கே தூங்கிப்போன ஒரு மனிதருக்காக ஒரு கூட்டமே ஏழு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. அவர்களை முட்டாள்கள் என்றேன். அவர்கள் காத்ததை ஒரே நிமிஷத்தில் போட்டு உடைத்தேன். அது அவருக்கு நல்லதாக முடிந்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. தாஸ் மட்டும் அந்தப் பெஞ்சில் இல்லாமல் இருந்திருந்தால், ஒரு முடிவை அவர் தலையில் கட்டிவிட்டு நான் பாட்டுக்கு பஸ் ஏறியிருப்பேன்.

அன்றைக்கு ஏழுமலை ஷிப்ட்டுக்குப் போகும் வரை நன்றாகத் தூங்கியிருப்பார் என்று நம்புகிறேன்.